பழைய கணினியில் புதிய விளையாட்டு: பணத்தைக் கரைக்கும் தவறுகள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், என்னிடம் பழுதுபார்க்க வரும் சிபியுக்களோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே வரும்: "இதில் இந்த விளையாட்டு ஓடுமா?" பெரும்பாலும் அவை அலுவலகங்களில் கழித்துவிடப்பட்டு, துடைத்து மறுவிற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை ஐ5 கணினிகள். 2013, 2014 காலத்தவை. அவற்றில் நன்றாகவே விளையாட முடியும். ஆனால், புதிதாக வருகிறவர்கள் ஆண்டுதோறும் அதே தவறுகளைச் செய்து, கையில் இருக்கும் சிறிய தொகையையும் இழக்கிறார்கள். தூசி தட்டுவது, வேண்டாத மென்பொருளை நீக்குவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

"4 ஜிபி கார்டு" என்று கேட்டு வாங்குவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர் "எத்தனை ஜிபி?" என்று மட்டும் கேட்கிறார். விற்பவருக்கும் அதுவே வசதி. 2 ஜிபியைவிட 4 ஜிபி இரண்டு மடங்கு நல்லது என்று இருவரும் ஒப்புக்கொண்டு வியாபாரம் முடிந்துவிடுகிறது.

பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் ஜிடி 730 கார்டு வாங்கி வந்தார். "4 ஜிபி அண்ணா, எல்லா விளையாட்டும் ஓடும் என்று கடையில் சொன்னார்கள். ஜிடிஏ 5 ஏன் திக்கித் திக்கி வருகிறது?" என்று கேட்டார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சிறிய எழுத்தில் 'டிடிஆர்3, 64 பிட்' என்று இருந்தது. முன்னது நினைவகத்தின் வகை, பின்னது தரவு வரும் பாதையின் அகலம். அவர் கேள்விக்கான விடை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

கார்டின் நினைவகம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எவ்வளவு வேகமாகத் தரவை எடுத்துக் கொடுக்கிறது என்பதே முக்கியம். மாடியில் எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும், இறங்கும் குழாய் அரை அங்குலம் என்றால் தண்ணீர் அவ்வளவுதான் வரும். 2014இல் வெளிவந்த ஜிடி 730 ஒரே பெயரில் மூன்று வகையாக விற்கப்பட்டது. 64 பிட் டிடிஆர்3 வகையின் பரிமாற்ற வேகம் நொடிக்கு 14.4 ஜிபி. 128 பிட் டிடிஆர்3 வகை 28.8 ஜிபி தரும். ஆனால் அதில் இருப்பது அதைவிடப் பழைய தலைமுறைச் சிப், கணக்கிடும் கருக்களும் (கோர்கள்) 96 மட்டுமே. டிடிஆர்3ஐவிட வேகமான நினைவகம் கொண்ட ஜிடிடிஆர்5 வகை ஏறத்தாழ 40 ஜிபி தரும். அதே 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டில் பெரும்பாலும் 2 ஜிபி நினைவகம்தான், வேகமோ 86.4 ஜிபி. 4 ஜிபி கார்டு தடுமாறும் இடத்தில் அந்த 2 ஜிபி கார்டு தடையின்றி ஓடும்.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்காம் தலைமுறைக் கணினியில் டிடிஆர்3 1600 ராம் நினைவகம் இரண்டைச் சேர்த்துப் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வரை கிடைக்கும். புராசசரும் அதற்குள்ளேயே இருக்கும் உள்ளமைந்த கிராபிக்ஸும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும், அந்தத் தம்பி பணம் கொடுத்து வாங்கிய கார்டின் நினைவகம், அவருடைய கணினியில் ஏற்கெனவே இருந்த ராமைவிட மெதுவானது! கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்திருந்தால் பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிடைத்திருக்கும். அதன் வேகம் 112 ஜிபி. கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜிடி 730 மோசமான கார்டு என்று நான் சொல்லவில்லை. வேலரன்ட் விளையாட்டின் பரிந்துரைப் பட்டியலிலேயே அது இருக்கிறது. அந்த ஒரு விளையாட்டு போதும் என்று தெரிந்து வாங்குகிறவருக்கு நட்டமில்லை. 'எல்லாம் ஓடும்' என்று சொல்லி, விவரம் தெரியாத பையனிடம் அதை விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்: நினைவகம் டிடிஆர்3யா, ஜிடிடிஆர்5ஆ? எத்தனை பிட்? எத்தனை வாட்? ஜிபியைக் கடைசியாகக் கேளுங்கள்.

கணினியைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்க்காமல் கார்டு வாங்குவது

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்குத் தனி மின்வயர் வேண்டும்: 6 முனை வயர் 75 வாட், 8 முனை வயர் 150 வாட். அலுவலகக் கணினிகளின் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் இந்த வயர்களே இருக்காது. ஒல்லியான பெட்டியாக இருந்தால் மொத்தத் திறனே 240 வாட் அளவில்தான் இருக்கும். உயரம் குறைந்த கார்டு மட்டுமே உள்ளே நுழையும். சில மாடல்களில் வழக்கமான 24 முனை இணைப்பும் கிடையாது. அதனால் வெளியில் வாங்கும் எஸ்எம்பிஎஸ்ஸை நேரடியாக மாட்ட முடியாது. இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு 75 வாட்டுக்குள் அடங்கும், தனி வயர் கேட்காத கார்டே சரி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டிலும் அப்படிப்பட்ட மாடல்கள் உண்டு.

மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் '450 வாட்' என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். கார்டும் புராசசரும் அதற்குள்தான் வாழ வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வயரை 6 முனையாக மாற்றும் இணைப்பான்களைத் தரமற்ற எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்ட நான் சம்மதிப்பதே இல்லை. உருகிப்போன முனைகளைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் பலவற்றின் உண்மையான திறன் 360 வாட்தான்.

ஒரே ராம்

8 ஜிபி ஒன்றாக வேண்டாம். 4 ஜிபி இரண்டாகப் போடுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸில் விளையாடுகிறவருக்கு, ஒன்றோடு நின்றால் மேலே சொன்ன 25.6 பாதியாகிவிடும்.

ஹார்டு டிஸ்க்கோடு காலம் தள்ளுவது

ஸ்டார்ஃபீல்டு போன்ற 2023ஆம் ஆண்டு விளையாட்டுகளே ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டியைக் கட்டாயமாக்கிவிட்டன. மாற்றிவிடுங்கள்.

வேகம் போதும், மற்றவை தானே சரியாகும் என்று நினைப்பது

முன்பெல்லாம் குறைந்தபட்சத் தேவை என்றால் வேகத்தை மட்டும் குறிக்கும். குறைவாக இருந்தால் விளையாட்டு மெதுவாக ஓடும், அவ்வளவுதான். இப்போது சில வசதிகள் இல்லையென்றால் விளையாட்டு திறக்கவே திறக்காது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டும் ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேசிங் வசதி வன்பொருளிலேயே இல்லாத கார்டுகளை ஏற்பதில்லை. ஒரு காலத்தில் உச்சியில் இருந்த 1080 டிஐ கார்டுக்கும் அதே கதிதான். 'பேட்டில்ஃபீல்டு 6' விளையாட, கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதி வேண்டும்.

விண்டோஸ் விஷயத்திலும் இதே சிக்கல். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதைக் கேட்டுப் பதறிய பலர், விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காத நான்காம் தலைமுறைக் கணினிகளில் அதைக் குறுக்குவழியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வேலரன்ட்டோ விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கிறது. முதல் நாள் வரை ஓடிய விளையாட்டு மறுநாள் வான் 9001 என்ற பிழையைக் காட்டி நின்றுவிடுகிறது. பிறகு கார்டு பழுதாகிவிட்டது என்று நினைத்து என்னிடம் தூக்கி வருகிறார்கள். கார்டில் ஒரு குறையும் இருப்பதில்லை.

போலி 1050 டிஐ

2010, 2011 காலத்து ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். உண்மையான 1050 டிஐ சிப்பில் பழைய விஜிஏ வெளியீடு கிடையாது. நீல நிற விஜிஏ முனை இருந்தால் சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட கார்டுகளில் பலவற்றைப் போலி என்று காட்டிக்கொடுக்கும். நினைவக வகை, பிட், பரிமாற்ற வேகம் மூன்றையும் அதே திரையில் பார்த்துவிடலாம். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே கார்டை மாட்டி, அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.