இடுப்பளவும் இடுப்பெலும்பும்: முதியோரின் நடமாட்டத்தைக் காப்பது எப்படி?

கொங்குப் பகுதியின் பழைய தோட்டத்து வீடுகளில் கழிவறை பெரும்பாலும் பொடக்காளி எனப்படும் கொல்லைப்புறத்தில்தான் இருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் இரவில் இரண்டு மூன்று முறை எழும் அமுச்சி (பாட்டி), இரத்த அழுத்த மாத்திரை தரும் தலைசுற்றலோடு இருட்டில் வாசற்படி இறங்கும் அந்தச் சில நொடிகளில், தனித்தனியே வைத்தியம் பார்க்கப்படும் நோய்கள் எல்லாம் ஒன்றுகூடிவிடுகின்றன; விழுந்தால் தேய்ந்த இடுப்பெலும்பு முறியலாம். ஆகவே முதல் வேலை அந்தப் பாதையில்தான். கட்டிலில் எழுந்ததும் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகே நடக்கப் பழக்குங்கள். விடியவிடிய எரியும் சிறு விளக்கும், படியோரச் சுவரில் பதித்த கைப்பிடிக் குழாயும் கட்டாயம் வேண்டும்.

இப்படி ஒன்றுகூடும் கோளாறுகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயரான மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்பது தனி நோயன்று. நம் நாட்டவருக்கான அளவில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வயிற்றுச் சுற்றளவு, 130/85-ஐ எட்டிய இரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100-ஐ எட்டிய சர்க்கரை, 150-ஐ எட்டிய டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு, குறைந்துபோன நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்திருந்தால் அப்பெயர். எலும்புத் தேய்வை, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் காட்டும். இளம்வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் டி ஸ்கோர் −2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்வு நோய். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு அடர்த்தி நன்றாக இருப்பதாக அறிக்கை சொன்னாலும் எலும்பு முறியும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அதை மட்டும் நம்பி அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

சமையலறையில் கவனம் அதிகம் வேண்டும். முதியவருக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து தேவை. நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. கம்பில் அதில் பத்திலொரு பங்குதான் என்பது கம்மஞ்சோற்றுப் பிரியர்களுக்கு வருத்தமான செய்தி. அதற்காக ராகிக்களியை உருண்டை உருண்டையாக விழுங்கினால் சர்க்கரை ஏறும். சிறிய உருண்டை, அதற்கு இருமடங்கு கீரைக் கடைசல், ஒரு கிண்ணம் கொள்ளுப்பருப்பு, பிறகு மோர் என்று தட்டை அமைப்பதே சரி. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை என்பதற்காகச் சலுகை கிடையாது, அதுவும் சர்க்கரைதான். உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தத்துக்கு மட்டுமன்றி, சிறுநீரில் சுண்ணாம்புச்சத்து வீணாவதைக் குறைக்கவும் உதவும். எடையைக் குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. பட்டினியில் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்தே கரைகின்றன.

"எதுக்குங் அமுச்சி எந்திரிக்கறீங்க, சும்மா உக்காருங்" என்று பாசத்தோடு சொல்வதுதான் வீட்டில் நடக்கும் பெரிய கெடுதல். ஒருமுறை விழுந்தவர் சந்தையையும் உறவினர் சீரையும் தவிர்க்கத் தொடங்க, கால் தசை வற்றி அடுத்த விழுகை நெருங்குகிறது. கை வைத்த கனமான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முடிந்தவரை கையை ஊன்றாமல். பிறகு திண்ணைத் தூணைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். முதுகெலும்பு தேய்ந்தவர் இடுப்பை வளைத்துக் குனிந்து நிறைகுடம் தூக்கக் கூடாது.

மாத்திரைகளில் முறை முக்கியம். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை உண்ணும் அலென்ட்ரோனேட்டை, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் காப்பி குடிக்காமலும் இருக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் மாத்திரை சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. சர்க்கரைக்குப் பயோகிளிட்டசோன் உண்ணும் பெண்களுக்கு எலும்பு முறிவு வாய்ப்பு கூடுகிறது. ஈரோட்டில் சர்க்கரை மருத்துவரையும் கோவையில் எலும்பு மருத்துவரையும் பார்ப்பவர்கள், சீட்டை மட்டும் கொண்டுபோகாமல் வீட்டிலுள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு இருவர் மேசையிலும் கொட்டிக் காட்டுங்கள்.