கண்மாய்க்கரை வயலில் பன்றிக் காவலுக்கு நாய் பழக்குவது

அமெரிக்காவின் புளோரிடா சதுப்புக் காடுகளில் குதிரையேறி, நாய்களை முன்னே விட்டுக் காட்டுப்பன்றி பிடிப்பார்கள். அங்கே நாய் இரண்டு வகை. ஒன்று பன்றியைச் சுற்றி நின்று குரைத்தே நிறுத்தி வைக்கும். மற்றது பாய்ந்து காதைக் கவ்வும். செட்டிநாட்டில் குதிரை என்றால் அய்யனார் கோயில் திருவிழாவான புரவி எடுப்பில் தோளேறி வரும் மண்குதிரைதான். அதை நம்பிக் கண்மாய்க்குள் இறங்குவதற்கில்லை. ஆனால் அந்த முதல் வகை நாய் நமக்கும் வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரத்தில் கண்மாய் உள்வாயெல்லாம், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பெல்லாம், சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. பகலில் பன்றி அதற்குள் படுத்துக்கொண்டு ராத்திரி ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயலில், இறங்குகிறது. பால் பிடித்த நெல்லையும் விளைந்த கடலையையும் காப்பாற்றக் குரைக்கிற நாய் போதும். கவ்வுகிற நாய் ஒரு வெள்ளாமையைத் தாண்டாது.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வதோடு, கண்ணி வைப்பது, நாய் விட்டுத் துரத்துவது, விரட்டி வளைப்பது எல்லாமே அடங்கும். 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகும் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட பட்டியலில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விடலாம்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். பிடிக்க வேண்டியதும் சுட வேண்டியதும் வனத்துறை ஆட்கள்தான், நிலத்துக்காரர் இல்லை. ஆகவே நாயின் எல்லை நம் வரப்பு. வரப்பைத் தாண்டிக் கருவேலுக்குள் நாய் நுழைந்தால் சட்டமும் இடிக்கும், நாயும் கிழிபடும்.

தடம் பார்ப்பது

நாயை எங்கே நிறுத்துவது என்று தெரியப் பன்றி எந்த வழியாக வருகிறது என்று தெரிய வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் வரப்பைச் சுற்றி வந்தால் ஈரமண்ணில் தடம் தெளிவாகத் தெரியும். முன்னால் இரண்டு குளம்பு, மழுங்கிய நுனியோடு அகலமாகப் பதியும்; அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னப் பொட்டுப் போலப் பின்குளம்பு விழும். ஆட்டுத்தடத்தில் சேறு ஆழமாக இருந்தாலொழிய அந்தப் பொட்டு இருக்காது. பன்றிக்கு உடம்பில் வியர்த்துக் குளிர வழியில்லை, அதனால் சேற்றில் புரளாமல் அதற்கு நாள் போகாது. புரண்டு எழுந்து பக்கத்து மரத்தில் முதுகை உரசும். பட்டையில் ஒட்டிய சேறு முழங்கால் உயரத்தில் இருந்தால் இளசு, தொடை உயரத்துக்கு மேல் இருந்தால் தனியாகத் திரியும் பெரிய ஒத்தப்பன்றி. சேறு ஈரமாக இருந்தால் நேற்று ராத்திரி வந்தது என்று பொருள்.

பெரும்பாலும் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலும், மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கை ஒட்டிய பள்ளமும்தான் அதற்கு வழி. திறந்த வரப்பில் நடக்கப் பன்றிக்குப் பிடிக்காது. ஒரே இடத்தில் மூன்று நாள் தடம் விழுந்தால் அதுதான் வாசல். அந்த வாசலை முள்ளடைத்து மறித்தால் பத்தடி தள்ளி இன்னொன்றைத் திறந்துகொள்ளும். வாசலை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு எதிரே வயலுக்குள் நாயை வைப்பதுதான் புத்தி.

எந்த நாய்

சிப்பிப்பாறையும் கன்னியும் முயலுக்கு என்று வளர்ந்த இனம். கண்ணால் பார்த்ததைச் சத்தமில்லாமல் துரத்தும், விசில் எட்டாத தூரத்துக்கு ஓடிவிடும். காவலுக்கு அது ஆகாது. கோம்பை நல்ல தொண்டைக்காரன், தைரியசாலியும்கூட. அந்தத் தைரியமே ஆபத்து என்பதால் கோம்பையைத் திரும்பி வரப் பழக்கக் கூடுதலாக மெனக்கெட வேண்டும். ராஜபாளையம் வாங்குகிறவர்கள் காது கேட்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். முழுவெள்ளையும் ரோஜா மூக்குமாக இருக்கிற இந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். குட்டி தூங்கும்போது, அதிர்வு தரையில் படாதபடி நான்கு அடி தள்ளி நின்று தட்டைத் தட்டினால் காது அசைய வேண்டும்.

நம்மைக் கேட்டால் ஊருக்குள் ஆட்டுக்கிடையோடு திரிந்த நாட்டு நாயின் குட்டியே போதும். தாய் நாய் அந்நிய ஆளைக் கண்டு பின்வாங்கிக்கொண்டே விடாமல் குரைக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குணம்தான் காசு. நேரே வந்து கடிக்கிற தாயின் குட்டி வேண்டாம். இரண்டு ஏக்கருக்கு இரண்டு நாய், ஐந்து ஏக்கருக்கு மூன்று. ஒற்றை நாயை மட்டும் வைக்கக்கூடாது. துணையில்லாத நாய் ஒன்று பயந்து வீட்டுக்கு ஓடும், இல்லை வீறாப்பில் மோதும். பெட்டையாக இருந்தால் கருத்தடை செய்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கதிர் முற்றுகிற வாரத்தில் ஊர் நாய்கள் எல்லாம் உங்கள் வரப்பில் நிற்கும்.

பழக்கம்

எட்டு வாரத்தில் குட்டியைக் கொண்டுவந்தால் பத்து மாதத்துக்கு ராத்திரிக் காவல் கிடையாது. இதில் அவசரப்பட்டவர்கள்தான் நாயை இழக்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் ஒரே பாடம், விசில். சோறு வைக்கும்போதெல்லாம் இரண்டு குறுவிசில், ஒவ்வொரு வேளையும், தவறாமல். வாயால் கூப்பிட்டுப் பழக்கக்கூடாது, பதற்றத்தில் நம் குரல் மாறிவிடும், நாய்க்கு அடையாளம் தெரியாது. நான்காம் மாதத்திலிருந்து முப்பது அடிக் கயிறு கட்டி வரப்பில் நடத்த வேண்டும். நிலத்தின் நான்கு மூலையையும் தினமும் காலை மாலை சுற்றினால் எது நம் எல்லை என்று நாயே பிடித்துக்கொள்ளும். கயிறு இறுகி முடியும் இடத்தில் இழுக்காதீர்கள். நின்று விசில் கொடுங்கள், திரும்பி வந்ததும் கருவாட்டுத் துண்டு ஒன்று. ஆடு, கோழி, மயிலைக் கண்டு பாய்ந்தால் அந்த நடையை அங்கேயே முடித்துக் கட்டிப்போட்டுவிட வேண்டும். அடித்தால் விசிலுக்கு வருவதே நின்றுபோகும்.

ஆறாம் மாதத்தில் இன்னொரு பாடம், தரையில் கிடப்பதைத் தின்னாமல் இருப்பது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் உயிர் காப்பது இதுதான். கண்மாய்ப் பக்கம் திருட்டு வேட்டைக்காரர்கள் அவுட்டுக்காய் போடுவார்கள். மாவிலோ கருவாட்டிலோ பொதிந்த வெடிமருந்து. கடித்த நாய்க்குத் தாடை இருக்காது. வரப்பில் கருவாட்டைப் போட்டுவைத்து, கயிற்றில் நடத்தி, முகர்ந்தவுடன் "சீ" என்று சொல்லித் தடுத்து, கையிலிருந்து வேறு துண்டு கொடுக்க வேண்டும். கையால் தருவதை மட்டுமே தின்னும் வரை, குறைந்தது ஒரு மாதம், விடாமல் செய்யுங்கள்.

பத்தாம் மாதத்துக்கு மேல், பழகிய பெரிய நாய் ஒன்றோடு ராத்திரி வயலுக்குக் கொண்டுபோகலாம். முதல் பத்து நாள் கயிற்றிலேயே. பெரிய நாய் குரைக்கும் திசையைப் பார்த்து இதுவும் குரைத்தால் தட்டிக்கொடுங்கள். முன்னே இழுத்தால் விசில். விசிலுக்குத் திரும்பாத நாயைக் கயிறில்லாமல் விடவே வேண்டாம், அது எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும்.

ஓடுகம்பி

விசிலில் முழு நம்பிக்கை வராத நாய்க்கு ஓடுகம்பி கட்டலாம். 4 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியை 25 மீட்டர் நீளத்துக்கு, இரண்டு மீட்டர் உயரத்தில் இரண்டு கல்லுக்கால்களுக்கு இடையே இழுத்துக் கட்டி, ஒரு முனையில் முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் வைக்க வேண்டும். கம்பியில் ஓடும் வளையத்தில் சுழல் கொக்கி, அதில் மூன்று மீட்டர் சங்கிலி. சுழல் கொக்கி இல்லாவிட்டால் சங்கிலி முறுக்கிக்கொண்டு விடிவதற்குள் கழுத்தை நெரிக்கும். கால்களில் நாய் சுற்றிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு காலிலிருந்தும் நான்கு மீட்டர் உள்ளே தள்ளிக் கம்பியில் முட்டு வைக்க வேண்டும். கட்டியிருக்கும் நாயால் விலகித் தப்ப முடியாது என்பதால் ஓடுகம்பி எப்போதும் வலைவேலிக்கு உள்ளே, வேலியிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வேலிக்கு வெளியே கட்டுவது நாயைப் பலி கொடுப்பது.

கழுத்துப்பட்டை இரண்டு அங்குல அகலத் தோலில் இருக்கட்டும். கழுத்தை இறுக்காதபடி, இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். மணி ஒன்று கட்டினால் இருட்டில் எது நாய், எது பன்றி என்று குழப்பம் வராது.

ராத்திரி

பன்றிக்குக் கண் மந்தம், மூக்குக் கூர்மை. நாய்க்கும் மூக்குதான் ஆயுதம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது, பன்றி படுக்கும் புதருக்குத் தென்மேற்கே நாய் இருந்தால் பன்றியின் வாடை நாய்க்கு வந்து சேரும், நம் வாடை பன்றிக்குப் போகாது. திசை மாறிக் கட்டினால் நாய்க்குப் பன்றி வந்தது வயலுக்குள் இறங்கிய பிறகே தெரியும்.

சாயங்காலம் கைப்பிடிச் சோறு, முழுச் சாப்பாடு காலையில் காவல் முடிந்த பிறகு. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் கொல்லும்.

நாய் குரைத்தவுடன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு நிமிடம் நிற்க வேண்டும். குரல் ஒரே இடத்தில் நின்றால் பன்றி வரப்பில் தயங்குகிறது. குரல் நகர்ந்தால் வழி தேடுகிறது. குரல் திடீரென்று நின்று உறுமல் கேட்டால் மட்டும் விசில் கொடுத்து நாயை இழுக்க வேண்டும். வந்த வாசலுக்கும் பன்றிக்கும் நடுவில் ஆளோ நாயோ நிற்கவே கூடாது. திரும்பிப் போக வழியிருந்தால் பத்தில் ஒன்பது பன்றி போய்விடும். குட்டியோடு வந்த தாயும், அடிபட்டதும், சேற்றில் மாட்டியதும்தான் மேலே பாயும். அப்படிப் பாய்ந்தால் நேரே ஓடாமல் பக்கவாட்டில் விலகி, உயரமான வரப்பிலோ மரத்திலோ ஏறுவதுதான் வழி.

வெடி போட்டு விரட்டுவது சில நாள் பலிக்கும், பிறகு பன்றி அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றிய ஊர்களில் அதுவும் கிடையாது. வலசை வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பன்றிக்கு வெடி போடமாட்டார்கள். பழஞ்சேலை கட்டுவதும் அப்படித்தான், புதிதாக இருக்கும் வரை. நாயின் குரல் மட்டும் இடம் மாறி மாறி வந்தால் பழகிப்போக நாளாகிறது. ஆகவே நாயை ஒரே மூலையில் வைக்காமல் மூன்று நாளுக்கொரு முறை இடம் மாற்ற வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதில் சாவது பன்றியைவிட ஆடுமாடும் ஆளும்தான்.

காயம்

பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பல் மேல்பல்லில் உரசி உரசிச் சவரக்கத்தி போல் தீட்டிக்கொள்ளும். நாய்க்குக் காயம் பெரும்பாலும் தொடை, விலா, கழுத்து. வெளியே சின்னக் கீறலாகத் தெரிவது உள்ளே தோலுக்கடியில் ஒரு கை நீளத்துக்குப் பிளந்திருக்கும், அதனால் சின்னது என்று விடக்கூடாது.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு (தலைதட்டிய டீஸ்பூனில் ஒன்றரை) கரைத்துக் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதையும் அப்ப வேண்டாம், மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாமல் அந்த உப்புநீரில் நனைத்த துணியால் சுற்றிக் கட்ட வேண்டும். விலாக் காயத்தில் மூச்சோடு காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் சுத்தமான பிளாஸ்டிக் தாளை வைத்து மூடுங்கள். ஈறு வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் போகிறது, ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். நமக்குக் கொடுக்கும் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் மாத்திரைகள் நாய்க்கு விஷம்.

காயமில்லாத நாளிலும் வீடு திரும்பியதும் விரல் இடுக்கில் முள், காது மடலில் உண்ணி பார்ப்பது கட்டாயம். கருவேல் முள் ஒடிந்து உள்ளே நின்றால் மூன்றாம் நாள் நாய் நொண்டும். கண்மாய்த் தண்ணீரில் அலைகிற நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட வேண்டும்; மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கொரு முறை.

அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயல் காலியாகக் கிடக்கும்போதும் நாயைச் சும்மா விடக்கூடாது. வரப்பு நடையையும் சோற்று விசிலையும் ஒரு வேளையாவது தொடர வேண்டும். நான்கு மாதம் விட்டுவிட்டால் கடலை விதைக்கிற நேரத்தில் மறுபடி கயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.