இழுவை என்று விட்டுவிடலாமா? அறிபுனைத் தொடர் பார்ப்பவர்கள் விடும் பிழைகள்

பெரும்போக வெட்டு முடிந்து நெல்லும் ஏற்றிவிட்டால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இராவேளை கொஞ்சம் கையில் கிடைக்கும். நீளமான விண்வெளித் தொடர்களைப் பலர் தொடங்குவதும் அப்போதுதான். இரண்டு பகுதி பார்த்துவிட்டு "சரியான இழுவை" என்று நிறுத்திவிடுகிறார்கள். பல வேளை பிழை தொடரில் இல்லை.

தொடங்கும் இடத்தை முதலில் பாருங்கள். பட்டில்ஸ்டார் கலக்டிகாவின் முதலாம் சீசனுக்குள் நேரே இறங்கினால் ஒன்றும் பிடிபடாது. 2003இல் வந்த இரண்டு பாகக் குறுந்தொடர்தான் அதன் வாசல். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். தனியாகத் தேடி எடுக்க வேண்டியும் வரலாம். ஃபயர்ஃப்ளை 2002இல் ஒளிபரப்பானபோது வரிசையே குழம்பியது. கதையைத் தொடக்கிவைக்கும் 'செரெனிட்டி' பகுதியைக் கடைசியில்தான் காட்டினார்கள். அதே பெயரில் 2005இல் வந்த படத்தை மாறி எடுத்துவிடாதீர்கள். அது 14 பகுதிகளும் முடிந்தபிறகு பார்ப்பது.

எல்லாத் தொடருக்கும் ஒரே அளவுகோல் வைப்பது அடுத்த பிழை. எக்ஸ்பான்ஸுக்கு நாலு பகுதி கொடுங்கள். நாலாவதில் செவ்வாய்ப் போர்க்கப்பலுக்குள் நடக்கும் மோதலோடு கதை பிடித்துக்கொள்ளும். பபிலோன் 5க்கு அது போதாது. 22 பகுதி கொண்ட முதல் சீசனில் 13ஆம் பகுதியில்தான் பெருங்கதை தலைகாட்டுகிறது. 1987இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷனில் பெரும்பாலான பகுதிகள் தனிக்கதைகள். இரண்டாம் சீசனின் 9ஆம் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மூன்றாம் சீசனுக்குப் போனாலும் நட்டமில்லை.

போனை நோண்டிக்கொண்டு பார்ப்பதுதான் பெரிய பிழை. எக்ஸ்பான்ஸில் விளக்கம் வசனத்தில் வராது, காட்சியின் ஓரத்தில் கிடக்கும். சிறுகோள் பட்டையில் சனம் வாழும் சீரஸ் நிலையத்துக்குத் தண்ணீர் சனியின் வளையத்திலிருந்து பனிக்கட்டியாக ஏற்றி வரப்படுகிறது. அந்தக் கப்பல் வராவிட்டால் பங்கீடு குறையும், சனம் தெருவில் இறங்கும். ஆவணி வெயிலில் பவுசர் வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தைத் தவறவிட்டால் பிறகு வரும் சண்டை எல்லாம் வெறும் சத்தம். அங்குள்ளவர்கள் தலையாட்டாமல் கையால் சைகை காட்டுவதையும் கவனியுங்கள். விண்வெளி உடைக்குள் தலையாட்டினால் வெளியே தெரியாது. வழக்கம் அப்படிப் பிறந்தது.

காலப்பயணக் கதையான டார்க் என்ற ஜெர்மன் தொடருக்குக் கொப்பியும் பேனையும் வேண்டும். நாலு குடும்பம், முதல் சீசனில் முக்கியமாக 1953, 1986, 2019 என மூன்று காலம். ஒரே ஆளுக்கு வேறு வேறு நடிகர். குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கிப் பெயர், ஆண்டு, முகத்தில் உள்ள அடையாளம் எழுதுங்கள். ஆங்கிலக் குரலை விட்டு ஜெர்மன் மூலக்குரலில் உபதலைப்போடு பாருங்கள். குரலும் வாயும் ஒட்டாதபோது நல்ல நடிப்பும் மரத்துப்போய்த் தெரியும்.

சிக்னல் குறைந்த இடத்தில் நேரடியாக ஓடவிடாதீர்கள். வட்டம் சுற்றச் சுற்ற எந்தக் கதையும் மெதுவாகத்தான் தோன்றும். எச்.டி. தரம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். போன் திரைக்குச் சாதாரணத் தரம் போதும். இரவு டேட்டாவில் இரண்டு மூன்று பகுதிகளை இறக்கி வையுங்கள், கரண்ட் போனாலும் பார்க்கலாம்.

சொன்ன பகுதி வரை வந்தும் ஒரு பாத்திரத்தின் பெயர்கூட மனதில் நிற்கவில்லையா, அங்கேயே நிறுத்துங்கள். பத்து மணி நேரம் பார்த்துவிட்டோமே என்பதற்காக இன்னும் ஐம்பது மணி நேரத்தைக் கொடுக்க வேண்டாம்.