நமக்குப் பிடித்த படையைப் பற்றி நாவல் வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 தொடக்கத்தில் டான் அப்னெட் எழுதிய ‘பிராஸ்பெரோ பர்ன்ஸ்’ நாவல் வெளிவந்தது. வார்ஹாமர் 40,000 உலகின் ஸ்பேஸ் வுல்வ்ஸ் (விண்வெளி ஓநாய்கள்) படையை உயிராக நேசிப்பவர்கள் அதற்காகவே காத்துக்கிடந்தார்கள். படித்து முடித்ததும் ஒரு சாரார் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இன்னொரு சாரார் ‘இது எங்கள் படையே இல்லை’ என்று கொதித்தார்கள். அந்த வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. ‘ஹோரஸ் ஹெரஸி’ என்ற நாவல் வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று. அதற்காக, குறை சொன்னவர்கள் எல்லோரும் தவறாகப் படித்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நியாயமான குறைகளும் வந்தன. புத்தகத்தைத் திறக்கும் முன்பே முடிவாகிவிட்ட கோபங்களும் வந்தன. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும். ஏனென்றால் அதில் நஷ்டப்படுவது படிக்கிறவர்தான்.

இந்த உலகம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. வார்ஹாமர் 40,000 என்பது கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1987இல் வெளியிட்ட மேசை விளையாட்டு. குட்டி உருவங்களை வாங்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி, ஒரு படையாகத் திரட்டி மோதவிடுவார்கள். ஒரு படையைத் தேர்ந்தெடுத்தவர் அதற்கு வண்ணம் தீட்டவே மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அப்படி வளரும் பாசம் சாதாரணமானது இல்லை. அந்த உலகத்துக் கதைகளை பிளாக் லைப்ரரி என்ற அதன் பதிப்பகம் நாவல்களாக வெளியிடுகிறது. அவற்றில் பெரியது ‘ஹோரஸ் ஹெரஸி’ வரிசை: 2006இல் தொடங்கி 2019 வரை 54 புத்தகங்கள். விளையாட்டின் காலத்துக்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், பேரரசரின் பதினெட்டு லீஜன்களில் (அதிமனித வீரர்களின் பெரும்படைகள்) பாதி ஹோரஸ் என்பவனின் தலைமையில் துரோகம் செய்து உள்நாட்டுப் போர் மூண்ட கதை அது. ஏறக்குறைய ஒவ்வொரு லீஜனுக்கும் அதில் தன் கதைக்கான முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்த லீஜனின் ரசிகர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது.

அட்டையைப் பார்த்தே கதையை எழுதிவிடுவது

எனக்குத் தெரிந்து அதிகக் கசப்பை உண்டாக்கிய தவறு இதுதான். பிராஸ்பெரோ என்பது மேக்னஸ் என்ற தலைவனும் அவனுடைய தவுசண்ட் சன்ஸ் லீஜனும் வாழ்ந்த கிரகம். அதை லீமன் ரஸ்ஸின் தலைமையில் ஸ்பேஸ் வுல்வ்ஸ் எரித்தார்கள். விளையாட்டின் வரலாற்றில் இது பல வருடங்களாக எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே தலைப்பைப் பார்த்தவுடன் வாசகர்கள் மனதிலேயே ஒரு நாவலை எழுதிவிட்டார்கள்: முதல் பக்கத்திலிருந்து ஓநாய்கள், கோடரிகள், எரியும் நகரம்.

கையில் கிடைத்த நாவல் வேறு. அதன் மையத்தில் இருப்பவன் காஸ்பர் ஹாசர் என்ற சாதாரண மனிதன். பூமியின் தொலைந்துபோன அறிவைத் தேடிச் சேர்க்கும் அறிஞன். அவன் ஓநாய்களின் பனிக்கிரகமான ஃபென்ரிஸுக்கு வந்து சேர்கிறான். அவர்களோடு தங்குகிறான், அவர்களுடைய கதைசொல்லி ஆகிறான். பிராஸ்பெரோ எரிவது கடைசிப் பகுதியில்தான் வருகிறது. ‘தலைப்பில் இருக்கும் போர் எங்கே’ என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுந்தது.

அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டவர்கள் ஒரு அருமையான விஷயத்தைத் தவறவிட்டார்கள். ஹாசர் ஃபென்ரிஸில் தன்னை அழைத்துக்கொள்ளும் பெயர் அஹ்மத் இப்னு ருஸ்தா. நம் வரலாற்றில் உண்மையிலேயே அந்தப் பெயரில் ஒருவர் இருந்தார். பத்தாம் நூற்றாண்டின் பாரசீகப் பயணி, இஸ்ஃபஹானைச் சேர்ந்தவர். வடக்கே வாழ்ந்த ரூஸ் மக்களைப் பற்றி எழுதிவைத்தவர். நூலகங்களும் ஏடுகளும் நிறைந்த நாகரிகத்திலிருந்து வந்த ஒருவர், படகும் வாளுமாகத் திரிந்த வடபுலத்து வீரர்களைக் கூர்ந்து பார்த்து எழுதிய குறிப்புகள் அவருடையவை. அந்தப் பெயரைத் தன் நாயகனுக்குக் கொடுத்ததன் மூலம் இது எந்த வகையான கதை என்பதை அப்னெட் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். வெளியாள் ஒருவன் காட்டுமிராண்டிகள் என்று கேள்விப்பட்ட கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்து, அந்தச் சொல் எவ்வளவு தப்பு என்று மெல்ல உணரும் கதை. ஓநாய்கள் அங்கே தங்களை ‘ஸ்பேஸ் வுல்வ்ஸ்’ என்று சொல்லிக்கொள்வதுகூட இல்லை. அவர்களுக்குள் அவர்கள் ‘வ்ல்கா ஃபென்ரிகா’. நாம் இவ்வளவு நாள் அவர்களை அழைத்த பெயரே வெளியாட்கள் வைத்தது என்று தெரியவரும்போது எனக்குச் சிலிர்த்தது. ஒரு படையை நேசிக்கும் வாசகனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

அப்புறம், இது அப்னெட்டுக்குப் புதிய பாணியும் இல்லை. வரிசையின் முதல் நாவலை எழுதியவர் அவர்தான். அதிலும் போரைப் பதிவுசெய்ய வந்த சாதாரண மனிதர்கள் உண்டு. 2008இல் ஆல்ஃபா லீஜன் பற்றி எழுதியபோதும் பெரும்பாலும் மனிதச் சிப்பாய்கள், உளவாளிகள் வழியாகத்தான் அந்த லீஜனைக் காட்டினார். எட்டடி உயர வீரனின் உயரம், பக்கத்தில் ஒரு சாதாரண ஆள் நின்றால்தான் தெரியும். ஒரு எழுத்தாளரின் இரண்டு புத்தகங்களைப் படித்திருந்தாலே மூன்றாவதில் எதை எதிர்பார்க்கலாம் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

கதாபாத்திரத்தின் கண்ணை எழுத்தாளரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

‘பிராஸ்பெரோ பர்ன்ஸ்’ தனி நாவல் இல்லை, ஒரு ஜோடியின் பாதி. மற்ற பாதி கிரஹாம் மெக்னீல் எழுதி 2010இல் வந்த ‘எ தவுசண்ட் சன்ஸ்’. அதே பகை, மந்திர ஆற்றலைத் தடைசெய்த அதே நிகேயா சபை, அதே அழிவு, ஆனால் எரிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து. அதில் ஓநாய்கள் முரடர்கள், நூலகங்களைக் கொளுத்துபவர்கள். மந்திர ஆற்றலைத் தடைசெய்யச் சொல்லிவிட்டுத் தங்கள் ரூன் பூசாரிகளை மட்டும் வைத்துக்கொண்ட இரட்டை வேடக்காரர்கள்.

இதைப் படித்த ஓநாய் ரசிகர்கள் மெக்னீலுக்கு ஓநாய்களைப் பிடிக்காது என்றார்கள். ஒரு வருடத்துக்குள் அப்னெட்டின் நாவல் வந்ததும் தவுசண்ட் சன்ஸ் ரசிகர்கள் அதே புகாரை அவர் மீது வைத்தார்கள். இரு தரப்பும் ஒரே தவறைச் செய்தது. தன் வீட்டை எரித்தவனை ஒருவன் எப்படிப் பார்ப்பான்? அப்படித்தான் மெக்னீலின் பாத்திரங்கள் ஓநாய்களைப் பார்க்கிறார்கள். தங்கள் பூசாரிகளின் ஆற்றல் ஃபென்ரிஸ் மண்ணிலிருந்து வருகிறது, மேக்னஸ் செய்வது வேறு, அது விஷம் என்று ஓநாய்கள் மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை சரியா என்று அப்னெட் எங்கேயும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அவர்கள் நம்புகிறார்கள் என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

‘மேக்னஸ் செய்தது தவறே இல்லை’ என்பது ரசிகர்களிடையே பல வருடங்களாகப் புழங்கும் கோஷம். அது வாழ்வதற்குக் காரணமே இந்த இரட்டைப் பார்வைதான். ஹோரஸின் துரோகத்தைப் பேரரசருக்குச் சொல்லத்தான் மேக்னஸ் தடைசெய்யப்பட்ட மந்திரத்தைப் பயன்படுத்தினான். அதில் பேரரசரின் பெருங்கனவு ஒன்று உடைந்துபோனது. அவனைக் கைது செய்து கொண்டுவரச் சொல்லித்தான் ரஸ்ஸை அனுப்பினார்கள். அந்தக் கட்டளையைக் கொலைக் கட்டளையாகத் திரித்தவன் ஹோரஸ். இதில் யார் குற்றவாளி? இரண்டு புத்தகங்களையும் படித்தவருக்கு ஒரே வரியில் பதில் சொல்ல வராது. ஒன்றை மட்டும் படித்தவருக்கு உடனே வரும்.

ஜெயித்தார்களா தோற்றார்களா என்று மதிப்பெண் போடுவது

மேசை விளையாட்டில் வெற்றி தோல்வி உண்டு. அந்தப் பழக்கத்தை அப்படியே நாவலுக்குக் கொண்டுவருவது இயல்புதான், ஆனால் அது வாசிப்பைக் கெடுத்துவிடுகிறது. ‘எங்கள் ஆள் இவ்வளவு சீக்கிரம் சாகலாமா’, ‘ஒரே ஆள் இத்தனை பேரைக் கொல்ல முடியுமா’ என்று கணக்குப் பார்த்துக்கொண்டே பக்கம் புரட்டினால் கதை கையை விட்டு நழுவிவிடும்.

அல்ட்ராமரீன்ஸ் என்ற இன்னொரு படையின் கதையைப் பாருங்கள். 2008இல் வந்த விதிப்புத்தகம் அவர்களை மற்ற எல்லாப் படைகளும் அண்ணாந்து பார்க்கும் முன்மாதிரியாக உயர்த்திப் பிடித்தது. அதன் விளைவாக அந்தப் படை ரசிகர் உலகில் கேலிக்கு ஆளானது. பிறகு 2012இல் ‘நோ நோ ஃபியர்’ வந்தது. கால்த் கிரகத்தில், நண்பர்கள் என்று நம்பிய வேர்ட் பேரர்ஸ் லீஜன் அவர்களை முதுகில் குத்துகிறது. நிகழ்காலத்தில், நேரக்குறிப்புகளோடு, மூச்சு முட்ட ஓடும் நாவல். அல்ட்ராமரீன்ஸ் அதில் அடிவாங்குகிறார்கள், சிதறுகிறார்கள், அங்கங்கே கைக்குக் கிடைத்ததை வைத்து மறுபடி எழுகிறார்கள். அந்தப் படையைக் கேலி செய்துகொண்டிருந்தவர்கள் பலரும் மனம் மாறியது இந்தப் பேரழிவைப் படித்த பிறகுதான்.

துரோகிகளான வேர்ட் பேரர்ஸுக்கும் அப்படித்தான். ஆரன் டெம்ப்ஸ்கி-போடன் 2010இல் எழுதிய ‘தி ஃபர்ஸ்ட் ஹெரட்டிக்’ அவர்கள் கட்டி எழுப்பிய மொனார்க்கியா நகரம் சாம்பலாக்கப்படுவதிலிருந்து தொடங்குகிறது. தங்கள் கடவுள் என்று வணங்கிய பேரரசர் முன்னால் ஒரு லீஜனே மண்டியிட்டு அவமானப்படுகிறது. அதைப் படித்த பிறகு அவர்களை வெறும் மதவெறியர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

பழைய வடிவத்துக்கே காவல் நிற்பது

ஓநாய் ரசிகர்களில் பலர் வில்லியம் கிங் 1999இல் தொடங்கிய ராக்னர் நாவல்கள் வழியாக வந்தவர்கள். விருந்து, சிரிப்பு, சண்டை, வீரசாகசம். அந்த ஓநாய்களை நேசித்தவருக்கு, முரட்டுத்தனத்தையே முகமூடியாக அணிந்துகொண்டு உள்ளே அமைதியாகக் கணக்குப் போடும் அப்னெட்டின் ஓநாய்கள் அந்நியமாகத் தெரிவார்கள். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ‘மாறிவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது’ என்று முடிவுகட்டும் முன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். விளையாட்டின் இன்னொரு படையான நெக்ரான்ஸ் முன்பு விண்மீன் கடவுள்களுக்கு அடிமையான, பேச்சற்ற இயந்திரங்கள். 2011இல் வந்த விதிப்புத்தகம் அவர்களுக்கு அரசர்களையும் பெயர்களையும் பகைகளையும் கொடுத்தபோது பழைய ரசிகர்கள் வருந்தினார்கள். அந்த மாற்றம் இல்லாவிட்டால் ராபர்ட் ராத் 2020இல் எழுதிய ‘தி இன்ஃபினிட் அண்ட் தி டிவைன்’ பிறந்திருக்கவே முடியாது. ட்ராசின், ஓரிகன் என்ற இரண்டு நெக்ரான் கிழவர்கள் ஒரு பொருளுக்காகப் பல ஆயிரம் வருடங்கள் மல்லுக்கட்டும் அந்த நாவலை இன்று நெக்ரான் ரசிகர்கள்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள்.

வேறு சில தவறுகள்

சுருக்கத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது. இந்த உலகத்துக்கு ரசிகர்கள் உருவாக்கிய கலைக்களஞ்சியங்கள் உண்டு, அபாரமான உழைப்பு. ஆனால் அவை என்ன நடந்தது என்று மட்டும்தான் சொல்லும். ஹாசர் தன் நினைவுகளைத் தானே நம்ப முடியாமல் தவிப்பதைச் சுருக்கத்தில் உணர முடியாது. அந்த நாவலின் உயிரே அதில்தான் இருக்கிறது. (முடிச்சை இங்கே அவிழ்க்க மாட்டேன்.)

ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் தள்ளிவிடுவது. ஓநாய்களின் குரலைச் சிறுத்தையின் உறுமலோடு அப்னெட் திரும்பத் திரும்ப ஒப்பிடுவது ரசிகர்களிடையே தீராத கேலியாகிவிட்டது. குறை உண்மைதான், எடிட்டர் நாலைந்து இடங்களில் வெட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கேலியை மட்டுமே கேட்டுவிட்டு நாவலைத் தொடாமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

எழுத்தாளரை ஆளாகத் தாக்குவது. ‘பிராஸ்பெரோ பர்ன்ஸ்’ திட்டமிட்டபடி ஜோடி நாவலோடு சேர்ந்து வராமல் தள்ளிப்போனது. அந்தச் சமயத்தில் தனக்கு வலிப்பு நோய் இருப்பது தெரியவந்ததை அப்னெட்டே வெளிப்படையாகச் சொன்னார். ஜோடிக்கு நடுவில் வேறு இரண்டு புத்தகங்கள் வந்துபோயின. ஒரு புத்தகம் ஏன் தாமதமாகிறது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. புத்தகத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் பேசலாம். எழுதியவரின் உடம்பையும் மனதையும் குறிவைக்கும் பேச்சை எந்த ரசிகப் பாசமும் நியாயப்படுத்தாது.

சரி, நியாயமான ஏமாற்றம் எப்படி இருக்கும்? 2007இல் வந்த டார்க் ஏஞ்சல்ஸ் நாவலான ‘டிசென்ட் ஆஃப் ஏஞ்சல்ஸ்’ நல்ல உதாரணம். பெரும் பகுதி கலிபன் என்ற கிரகத்து வீரர் சங்கத்தின் கதை. லீஜன் வந்து சேர்வதே பின்னால்தான். ‘துரோகப் போரைத் தொடவே இல்லை’ என்று மட்டும் சொன்னால் அது எதிர்பார்ப்பின் குறை. ‘முதல் பாதி நிதானமாக வளர்கிறது, கடைசிப் பகுதி அவசரமாக ஓடுகிறது, அதனால் முடிவில் வரும் பிளவு நம் மீது விழ வேண்டிய கனத்தோடு விழவில்லை’ என்று சொன்னால் அது புத்தகத்தின் குறை. இரண்டாவதைச் சொல்ல முழுதும் படித்திருக்க வேண்டும். அந்த விமர்சனத்தோடு நானும் உடன்படுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘எ தவுசண்ட் சன்ஸ்’ நாவலை முதலில் படியுங்கள், உடனே ‘பிராஸ்பெரோ பர்ன்ஸ்’ எடுங்கள். ஓநாய் ரசிகர்கள் இந்த வரிசையை மாற்றவே வேண்டாம். ஹாசர் ஃபென்ரிஸில் காலடி வைக்கும்போது, அவர்களை வெறுக்க எல்லாக் காரணங்களும் உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.