பினாங்கில் நாசி கண்டார்: பில் எகிறாமல் சாப்பிட

நாசி கண்டார் என்பது சோற்றின்மேல் நாம் காட்டும் கறிகளையும் குழம்பையும் போட்டுத் தரும் மலேசியச் சாப்பாடு. இதில் குழம்பு பெரும்பாலும் இலவசம். விலை ஏறுவது நாம் விரல் நீட்டும் துண்டுகளால்தான். பெரிய இறால், முட்டையுள்ள கணவாய், மீன் தலை, மீன் சினை இவற்றைத் தட்டில் போடுமுன், "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். போட்டபின் கேட்டுப் பயனில்லை. வரிசை வேகமாக நகரும், அகப்பை அதைவிட வேகம்!

சிக்கனமாகச் சாப்பிட அரைச் சோறு, ஓர் அவித்த முட்டை, வெண்டைக்காய் போதும். கறி ஒன்று வேண்டுமானால் ஒரு துண்டு கோழி. இரண்டு மூன்று குழம்பையும் கலந்து ஊற்ற "குவா சம்போர்" என்று சொல்ல வேண்டும், சோறு மிதக்க வேண்டுமானால் "பஞ்சிர்". உண்மையில் ருசியே இந்தக் கலவையில்தான். ஆனால் பொட்டலம் கட்டும்போது பஞ்சிர் வேண்டாம், அறைக்குப் போவதற்குள் சோறு கூழாகிவிடும். "குவா ஆசிங்" என்றால் குழம்பைத் தனிப் பையில் தருவார்கள்.

குடிக்க "தே ஓ ஆயிஸ்" கேட்டால் பாலில்லாத ஐஸ் தேநீர். சர்க்கரையும் வேண்டாமென்றால் கூடவே "கோசோங்". மதியம் 12 முதல் 2 வரை கூட்டம் நெருக்கும். 11:30க்கே போனால் எல்லாப் பாத்திரமும் நிறைந்திருக்கும், விலை கேட்கவும் நேரம் கிடைக்கும்.