என்ஜினுக்குக் கட்டுப்பாடு எழுதுகிறவர்கள் டைனமோமீட்டரை மறக்கக் கூடாது

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றின் என்ஜின் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரே வகை என்ஜின்தான் நிற்கும். ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் டீசல் என்ஜின். சிலிண்டர் விட்டம் 87.5 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., 1500 ஆர்பிஎம்மில் 5.2 கிலோவாட். குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் என்ஜினுக்கு நெருங்கிய சொந்தம். அதன் தண்டோடு ஓர் எடி கரண்ட் டைனமோமீட்டர் இணைத்திருப்பார்கள். என்ஜினுக்குப் பளு கொடுத்து அதன் திறனை அளக்கும் மின்காந்த பிரேக் அது.

இந்த என்ஜினை வைத்து நேரியல் அல்லாத உகந்த கட்டுப்பாட்டை, அதாவது என்ஜினின் நடத்தையைச் சமன்பாடுகளாக எழுதி மிகச் சிறந்த கட்டளைகளைக் கணக்கிடும் முறையை, செய்துபார்க்க வேண்டும் என்று இறுதியாண்டு மாணவர்கள் வருவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கணிதத்தில் கெட்டிக்காரர்கள் அவர்கள். கணினியில் வளைவுகள் அழகாக வந்துவிடும். பெஞ்சில், அதாவது நிஜ என்ஜின் நிற்கும் சோதனை மேடையில், ஏற்றியதும் என்ஜின் திணறும், கரும்புகை கக்கும், சில நேரம் நின்றேவிடும். பழி என்ஜின் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில்: டைனமோமீட்டர், அதன் விசையை அளக்கும் லோட் செல், எரிபொருள் அளக்கும் குழாய், புகை அளக்கும் கருவி எல்லாம் சேர்ந்துதான் நாம் கட்டுப்படுத்தும் அமைப்பு. சமன்பாட்டில் என்ஜின் மட்டும் இருந்தால் கிடைக்கும் விடை, இல்லாத ஓர் என்ஜினுக்கான விடை.

பளுவை வெறும் எண்ணாக எழுதுவது

முதல் தவறு இதுதான். மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. கணித மாதிரியில் பளு என்ற இடத்தில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு, கேட்ட கணத்தில் கேட்ட பளு கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். எடி கரண்ட் டைனமோமீட்டரில் பளுவைத் தருவது சுருளில் ஓடும் மின்னோட்டம். சுருளுக்குத் தூண்டல் உண்டு, ஆகவே மின்னோட்டம் ஏற நேரம் எடுக்கும். குறைந்த மின்னோட்டத்தில் பளு ஏறத்தாழ அதன் இருமடிக்கு ஏற்ப உயரும். போகப்போக இரும்பு காந்தத்தால் நிறைந்து வளைவு தட்டையாகிவிடும். வேகம் மிகக் குறைந்தால் பளுவும் குறைந்துபோகும்.

இன்னொன்று, இது பிரேக் மட்டுமே. என்ஜினைச் சுழற்றிவிட இதனால் முடியாது. உகந்த விடை சில நொடிகளில் எதிர்மறைப் பளுவைக் கேட்கும். கணினி கொடுத்துவிடும், இந்த இயந்திரம் கொடுக்காது. பளுவின் கீழ் வரம்பு பூஜ்ஜியம் என்பதைச் சிக்கலை எழுதும்போதே சேர்த்துவிட வேண்டும். விடை வந்த பிறகு வெட்டி ஒட்டினால் அது உகந்த விடையாக இருக்காது.

லோட் செல் காட்டுவதை என்ஜினின் டார்க் என்று எடுத்துக்கொள்வது

5.2 கிலோவாட், 1500 ஆர்பிஎம் என்றால் டார்க், அதாவது தண்டைச் சுழற்றும் முறுக்கு, சுமார் 33 நியூட்டன் மீட்டர். 185 மி.மீ. கை நீளமுள்ள டைனமோமீட்டரில் இது ஏறக்குறைய 18 கிலோவாகத் தெரியும். வேகம் மாறாமல் நிற்கும்வரை அந்த 18 கிலோவை நம்பலாம். வேகம் மாறும்போது நம்பக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். என்ஜினின் பறக்கும் சக்கரம், இணைப்புத் தண்டு, டைனமோமீட்டர் சுழலி மூன்றும் சேர்ந்த நிலைமத் திருப்புத்திறன் (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) 1 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை நொடியில் வேகம் 100 ஆர்பிஎம் இறங்குகிறது. அதாவது ஒவ்வொரு நொடியிலும் வேகம் நொடிக்கு 21 ரேடியன் என்ற அளவில் குறைகிறது. அப்படியானால் சக்கரத்தில் சேர்ந்திருந்த ஆற்றலே 21 நியூட்டன் மீட்டரைக் கொடுத்துவிடுகிறது. முழுப் பளுவில் மூன்றில் இரண்டு பங்கு அது! லோட் செல்லில் தெரிவது என்ஜினும் சக்கரமும் சேர்ந்து கொடுத்தது. இதை என்ஜினின் கணக்கில் எழுதி மாதிரியைப் பொருத்தினால், பளு ஏறும்போது என்ஜின் தானாகவே பலமடைவதுபோல ஒரு மாயத் தரவு கிடைக்கும். உகந்த கட்டுப்பாடு அந்த மாயத்தை விடாமல் பயன்படுத்திக்கொள்ளும்.

ஆகவே எந்தச் சோதனைக்கும் முன் அந்த நிலைமத்தை அளந்துவிடுங்கள். பளு இல்லாமல் எரிபொருளை நிறுத்தி வேகம் விழுவதைப் பதிவு செய்யுங்கள். தெரிந்த ஒரு பளுவை வைத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். இரண்டு சரிவுகளின் வேறுபாட்டிலிருந்து நிலைமம் வந்துவிடும், உராய்வும் கூடவே கிடைக்கும். ஒரு மதியம் போதும்.

வேகத்தைப் பல பேர் பிடிப்பது

பெஞ்சில் உள்ள என்ஜினுக்குள் வேகத்தைத் தானாகச் சீராக வைக்கும் ஒரு கவர்னர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இயந்திரத்தில் பொருத்திய சுழலும் குண்டுகளின் வழித்தோன்றல்தான் அது. குண்டுகள் ஏன் சில நேரம் ஊசலாடி வேகத்தைக் கெடுக்கின்றன என்பதை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1868இல் கணிதமாக எழுதினார். கட்டுப்பாட்டியலின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று அந்தக் கட்டுரை.

கவர்னரைக் கழற்றாமல், டைனமோமீட்டரையும் வேகம் காக்கும் நிலையில் வைத்து, மேலே தன் கட்டுப்பாட்டையும் ஓட்டுவதைப் பார்க்கிறேன். மூன்று பேரும் ஒரே வேகத்துக்குப் போட்டியிடுவார்கள். பளு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருவர் வேகத்தைப் பிடித்தால் மற்றவர் டார்க்கையோ எரிபொருளையோ பிடிக்க வேண்டும். கவர்னரை விலக்கினால் அதிவேகத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நேரம் பற்றிய தவறுகள்

1500 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக் சுழற்சி ஒன்றுக்கு 80 மில்லிநொடி. எரிபொருள் பாய்வது அதில் ஒருமுறை. மில்லிநொடிக்கு ஒரு கட்டளை அனுப்புவதால் பயன் ஏதுமில்லை, 79 கட்டளைகள் வீண். அதோடு 750 ஆர்பிஎம்மில் இதே சுழற்சி 160 மில்லிநொடி ஆகிவிடும். வேகம் மாறினால் தாமதமும் மாறும். நேரத்துக்குப் பதில் கிராங்க் தண்டு சுழன்ற கோணத்தை வைத்து மாதிரியை எழுதினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும். ஒரே வேகத்தில், பாதிப் பளுவில் சரிசெய்த கெயின்களை (பிழைக்கு எவ்வளவு பலமாகப் பதில் செய்வது என்று சொல்லும் எண்களை) எல்லா இடத்துக்கும் பயன்படுத்துவதன் ஆபத்தும் இதில் அடங்கியிருக்கிறது.

எரிபொருளை அளக்கும் கண்ணாடிக் குழாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழுப் பளுவில் 10 மி.லி. தீர 20 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் என்ஜின் 250 சுழற்சிகளை முடித்திருக்கும். நிலையான ஓட்டத்துக்கு அந்தக் குழாய் அருமையான கருவி. கணத்துக்குக் கணம் மாறும் நடத்தையை அதிலிருந்து எடுக்கவே முடியாது. புகை அளக்கும் கருவியும் அப்படித்தான். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆவதுபோல, குழாய் வழியே போய், வடிகட்டியில் புகுந்து, கருவியை எட்டும் வாயு சில நொடிக்கு முந்தைய என்ஜினின் கதையைச் சொல்கிறது. தாமதத்தை அளந்து, தரவை அத்தனை நொடி பின்னுக்குத் தள்ளிப் பொருத்துங்கள்.

எதை உகந்தது என்று சொல்கிறோம்

உகந்த கட்டுப்பாட்டின் பெரிய கருவிகள் 1950களில் பிறந்தவை: சோவியத் நாட்டில் லெவ் பொந்த்ரியாகின் குழுவின் உச்சக் கோட்பாடு, அமெரிக்காவில் ரிச்சர்ட் பெல்மனின் டைனமிக் புரோகிராமிங். இரண்டும் நாம் எழுதிக் கொடுத்த செலவுச் சார்பை, அதாவது குறைக்க வேண்டியவற்றை எடை போட்டுக் கூட்டும் சமன்பாட்டை, மட்டுமே பார்க்கும். நம் மனதில் இருந்ததை அறியாது.

வேகப் பிழையின் இருமடியைச் செலவாக வைக்கிறோம். ஒருவர் ஆர்பிஎம்மில் எழுதுகிறார், இன்னொருவர் நொடிக்கு ரேடியனில் எழுதுகிறார். எடை ஒன்றாகவே இருந்தாலும் இருமடியில் 91 மடங்கு வேறுபாடு வந்துவிடும். மாணவர்கள் வாரக்கணக்கில் எடைகளைத் திருகிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். எல்லா அளவுகளையும் அவற்றின் முழு வீச்சால் வகுத்து, பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் கொண்டுவந்த பிறகு எடைகளைத் தொடுங்கள்.

எரிபொருளை மட்டும் செலவாக எழுதினால், விடை எரிபொருளை முன்கூட்டியே பாய்ச்சச் சொல்லும். எரிபொருள் கொஞ்சம் மிஞ்சும், நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். சாலை வாகனங்களுக்கு பிஎஸ் 6 புகை வரம்பு 2020 ஏப்ரல் 1 முதலும், ஜெனரேட்டர்களுக்குப் புதிய கடும் வரம்பு 2023 ஜூலை 1 முதலும் நடப்பில் இருக்கும் நாட்டில் அந்த விடை யாருக்கும் உதவாது. எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் நகரும் வேகத்துக்கு வரம்பு எழுதாவிட்டால் வேறொரு விபரீதம்: பல சிக்கல்களில் விடை ஒன்று முழுத் திறப்பு, இல்லையேல் முழு மூடல் என்று துள்ளும். கரும்புகை வருவது அந்தத் துள்ளலில்தான்.

கட்டுப்பாட்டை எழுதிய அதே மாதிரியை வைத்தே அதைச் சோதித்துவிட்டு, நன்றாக வேலை செய்கிறது என்று எழுதாதீர்கள். குறைந்தது நிலைமத்தையும் தாமதத்தையும் 20 விழுக்காடு மாற்றிப் பாருங்கள்.

வயலின் பளுவும் ஊரின் காற்றும்

25, 50, 75, 100 விழுக்காடு என்று படிப்படியாகப் பளு ஏற்றுவது ஆய்வகப் பழக்கம். தை மாதம் மழையில் சாய்ந்த சம்பாப் பயிருக்குள் அறுவடை இயந்திரம் நுழையும்போது பளு அப்படி ஏறுவதில்லை. ஈரத்தாள் ஒரு கத்தையாக உள்ளே போகும்; பளு சட்டென்று உயர்ந்து, அடுத்த நொடி விழுந்து, மறுபடி உயரும். ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கிச் சமாளிப்பார். டெல்டாவில் செய்யும் ஆராய்ச்சிக்கு அந்தப் பளுவைப் பதிவு செய்து பெஞ்சில் ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இருக்க முடியாது.

சோதனை நாளின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறிக்காமல் விடுவது இங்கே குறிப்பாகப் பெரிய தவறு. ஐஎஸ்ஓ 3046 தரத்தின் ஒப்பீட்டு நிலை 25 டிகிரி, 100 கிலோபாஸ்கல், 30 விழுக்காடு ஈரப்பதம். மே மாதம் 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி அதைவிட 4 விழுக்காடு குறைவு. ஐப்பசியில் 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் காற்றழுத்தத்தில் 3.4 கிலோபாஸ்கல் வெறும் நீராவி. அந்த நீராவி எரிதலின் வெப்பத்தைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும். மே மாதம் பழைய கட்டுப்பாட்டையும் ஐப்பசியில் புதியதையும் சோதித்தால், மழை செய்த வேலைக்கு நம் சமன்பாடு பெயர் வாங்கிக்கொள்ளும். ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

குளிர்நீரையும் கவனியுங்கள். பிரேக் விழுங்கும் 5.2 கிலோவாட்டும் வெப்பமாகத் தண்ணீரில்தான் போகிறது. 20 டிகிரி சூடேற அனுமதித்தாலும் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட வேண்டும். கடலோரப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. உள்ளே படிவு கட்டினால் சுழலி சூடேறி, அதே மின்னோட்டத்துக்குப் பளு குறைந்துகொண்டே வரும்.

மின்சாரம் போனால்

கவர்னரை விலக்கியவர்கள் இதைப் படிக்காமல் என்ஜினைத் தொடக் கூடாது. எடி கரண்ட் டைனமோமீட்டருக்கு மின்சாரம் போன கணத்தில் பளு ஏறக்குறைய பூஜ்ஜியம். ரேக் பழைய இடத்திலேயே நின்றால், 33 நியூட்டன் மீட்டரும் சக்கரத்தைச் சுழற்றப் போகும். மேலே எடுத்துக்கொண்ட நிலைமத்துக்கு, நொடிக்கு 315 ஆர்பிஎம் ஏறும். இரண்டே நொடியில் 1500 என்பது 2100ஐத் தாண்டிவிடும். கட்டுப்பாட்டுக் கணினியும் அதே மின்சாரத்தில் ஓடினால் அதுவும் உதவிக்கு வராது.

எரிபொருளை அடைக்கும் சோலனாய்டு (மின்காந்த அடைப்பான்), மின்சாரம் இருக்கும்வரை திறந்திருந்து, போனதும் தானாக மூடும் வகையாக இருக்க வேண்டும். வேகம் வரம்பைத் தாண்டினால் அடைக்கும் சுற்று கணினியைச் சாராமல் தனியாக நிற்க வேண்டும். இரண்டையும் பொருத்திய பிறகு, குறைந்த வேகத்தில், சிறு பளுவில் என்ஜினை ஓட்டி, ஆய்வகத்தின் மெயின் ஸ்விட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள். என்ஜின் தானாக நின்றால் மட்டும் அடுத்த நாள் உங்கள் கட்டுப்பாட்டை ஏற்றுங்கள்.