பைக் மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுக்கும் முறை

ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் பைக் மீன், நீண்ட ஈட்டியின் பெயரைப் பெற்ற வேட்டை மீனாகும். அதன் மேலண்ணத்தில் வரிசை வரிசையாக உள்ள பற்கள் உட்புறமாகச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் நுழைந்த இரை வெளியேறுவது அரிது. கவனமின்றி நுழைத்த விரலுக்கும் அதே கதிதான்.

ஆகவே முள்ளை எடுக்க வாய் வழியாகக் கையை விடாதீர்கள். மீனை ஈரமான மெத்தை விரிப்பில் மல்லாத்திப் படுக்கவைத்து, செவுள் மூடியின் ஓரமாக விரல்களை நுழைத்து, சிவந்த செவுள் இழைகளைத் தொடாமல் தாடையெலும்பை ஒட்டியே முன்னோக்கி நகர்த்தி, கீழ்த்தாடையின் இரு பக்கங்களும் சந்திக்கும் முனையருகே பிடித்து மெல்லத் தூக்கினால், வாய் தானாகவே திறக்கும். பின்னர் சுமார் 30 செ.மீ. நீளமுள்ள இடுக்கியால் முள்ளைக் கழற்றலாம். இழைகள் கிழிந்தால் இரத்தம் கொட்டும் என்பதால், அவசரம் இங்கு உதவாது.

முள்ளுக்கு மேலே குறைந்தது 45 செ.மீ. எஃகுக் கம்பி இணைப்பது இன்றியமையாதது. வெறும் நைலான் நரம்பைப் பைக் எளிதில் கடித்தறுத்து, முள்ளோடு தப்பிவிடும். தோற்றத்துக்கு முரடாக இருந்தாலும் இது மென்மையான மீன். கோடை வெப்பத்தில் விரைவில் களைத்து இறக்கக்கூடும் என்பதால், அனுபவமுள்ளோர் குளிர்காலத்தில்தான் பிடிக்கின்றனர். இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பைக் பிடிக்கத் தடை உண்டு.